ஊசித் தேர்வில் நான் பாஸான விதம்

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்பதில் உங்கள் தம்பி, பதினான்கு மாதம் முடிந்த உங்கள் மருமகள் உருண்டை, கணுக்காலுக்கு மேலே இருக்கிற நான் ஆகிய மூவரும் அடக்கம். அங்கே உங்கள் நலமும், உங்கள் பள்ளிக்கூடத்தின் நலமும், தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். கையெழுத்து கோணலாக இருப்பதை மன்னிக்க வேண்டும். பேனாவைப் பார்த்துக்கொண்டே எழுதினால்தான் அது விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று தெரிகிறது. பேனாவைப் பார்த்தால் வரி தெரிவதில்லை. சிவப்பு மையை எடுக்காமல் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள், அப்புறம் மார்க் போடுங்கள்.

சனிக்கிழமை காலை வண்டியில் நீங்கள் வருவதாகவும், ஞாயிறு மாலை உருண்டையைக் கூட்டிக்கொண்டு போவதாகவும், பதினேழு வருடமாக எடுக்காத லீவை எல்லாம் சேர்த்து எடுத்து மூன்று மாதம் அவளை உங்களோடு வைத்திருந்து, நான் தேறின பிறகு திருப்பிக் கொண்டுவந்து விடுவதாகவும் உங்கள் தம்பி சொன்னார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் என்பதால் எந்தக் கெட்ட செய்தியையும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொடுவார். டிவியை அணைத்தார், மின்விசிறியை அணைத்தார், என் எதிரில் வந்து உட்கார்ந்தார், "அக்கா நல்லதுக்குத்தான் சொல்றாங்க" என்றார். எது நல்லது என்று கேட்டபோது டிக்கெட் எடுத்து நாலு நாள் ஆகியிருந்தது. இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. போனில் சொல்லலாம் என்றால், நீங்கள் "ஹலோ" என்றதுமே நான் எழுந்து நின்றுவிடுகிறேன். நிற்பது என் காலுக்கு ஆகாது. அதனால்தான் கடிதம். நாளைக் காலையில் கொடுத்தால் வியாழக்கிழமை உங்கள் கையில் இருக்கும் என்று கூரியர் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு நடுவிலிருந்துதான் தெரியும், அதுவும் உங்கள் தம்பி சொன்ன நடு. உருண்டைக்கு ஆறு மாதம் இருக்கும்போது என் கால் கட்டைவிரலில் எறும்பு ஊர ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. ஒரு வாரத்தில் அது இரண்டு காலிலும் குடும்பத்தோடு குடியேறியது. பிறகு உள்ளங்கால் எரிந்தது. ராத்திரி போர்வை நுனி பட்டாலே யாரோ மணல்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி இருக்கும், போர்வையை உதறினால் காற்றுப் பட்டு எரியும், அதனால் ஒரு நாள் ஃப்ரிட்ஜைத் திறந்து, கீழே காய்கறி வைக்கிற டிராயரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த உங்கள் தம்பி தெர்மோஸ்டாட்டை ஒரு நம்பர் கூட்டி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பகலில் எரிச்சல் அடங்கி மரமரப்பு வரும். சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரியே இருக்கும். ஒரு நாள் அந்த சாக்ஸைக் கழற்ற உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தேன். "என்ன தேடற?" என்று கேட்டார். "சாக்ஸ்." "நீ எப்ப சாக்ஸ் போட்ட?" "அதத்தான் நானும் யோசிக்கறேன்." இன்னொரு நாள் பஸ்ஸில் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு இறங்கி, நாலு கடை தாண்டி நடந்து, நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, கல்லாவைத் தாண்டி என் அறைக்கே போய்விட்டேன். முதலாளிதான் பார்த்துவிட்டு, "ஏம்மா, இப்பல்லாம் இப்படித்தான் விக்கறாங்களா?" என்று கேட்டார்.

வைத்தியம் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தெரு முனை டாக்டர், "பிள்ளை பெத்த உடம்பு, கொஞ்சம் பலவீனம்" என்று நரம்புக்குச் சத்து மாத்திரை எழுதினார். முதலாளி தன் மனைவி சாப்பிடுகிற மாத்திரை அட்டையில் வாராவாரம் பாதியை வெட்டிக் கொடுத்தார். நீங்கள் உங்கள் அறிவியல் ஆசிரியை மூலமாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பாய்கிற குதிரைப் படம் போட்ட அந்தப் பெரிய சத்து மாத்திரை டப்பாவை அனுப்பிவைத்து, காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று மூடியிலேயே எழுதி ஒட்டியிருந்தீர்கள். தினமும் ராத்திரி எட்டரைக்குப் போன் செய்து, "போட்டியா?" என்று கேட்பீர்கள். நான் நின்றுகொண்டே, "போட்டேன் அண்ணி" என்பேன். சத்தியமாகப் போட்டேன். என் வாழ்க்கையில் பொய் சொல்லியிருக்க வேண்டிய ஒரே இடம் அதுதான், அங்கே போய் உண்மையாக நடந்துகொண்டேன். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் அது விரலுக்கு வந்தது. மூக்குக் கண்ணாடியின் காதில் மாட்டுகிற திருகாணி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும், எள்ளை விடக் கொஞ்சம் சின்னது. எடுப்பேன், விரலுக்கு நடுவில் இருக்கிறது என்று நினைப்பேன், பார்த்தால் இருக்காது. கண் பரிசோதனைதான் என் படிப்பு, திருகாணி மாட்டுவது படிப்பில் சேர்த்தி இல்லை என்றாலும் எங்கள் கடையில் எல்லாரும் எல்லாம் செய்ய வேண்டும். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நரம்பு டாக்டரைப் போய்ப் பாரும்மா. தரையில விழுந்த திருகாணியப் பொறுக்கவே எனக்கு இன்னொரு ஆள் போடணும்போல இருக்கு" என்றார். தேதி வாங்கினோம். வாங்கிய அன்றைக்கு ராத்திரி நீங்கள் போனில் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "ரிப்போர்ட் வரட்டும். நரம்புல கோளாறுன்னு வந்துட்டா, பிள்ளையத் தூக்கறது, குளிப்பாட்டறது எல்லாம் உன்னால ஆகாது. நான் கொண்டுபோய் வச்சுக்கறேன்." நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். எனக்கு அன்றிலிருந்து அது டாக்டரிடம் போவதாக இல்லை, பரீட்சைக்குப் போவதாக ஆகிவிட்டது.

அண்ணி, இப்போது நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். எங்கள் கடைக்கு டிரைவிங் லைசென்ஸுக்காகக் கண் சான்றிதழ் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் முன்னால் இருப்பவர் வாசிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டுதான் உள்ளே வருவார்கள். ஒருவர் கடைசி வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார், ஒப்பிக்கும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது காலண்டரை. இவர்களை எனக்கு வாசலிலேயே தெரியும். உள்ளுக்குள் ஒரு இளக்காரம் இருக்கும், அவ்வளவு பெரிய மனுஷர், இதில் போய் ஏமாற்றுகிறாரே, ஏமாறுவது அவருடைய கண்தானே என்று. அப்படிப்பட்ட நான், நரம்பு டாக்டர், "கண்ணை மூடிக்கோங்கம்மா, குத்தறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க" என்றதும், கண்ணை முக்கால்வாசி மூடினேன். இமைக்கு நடுவில் ஒரு கீற்று. அந்தக் கீற்றில் டாக்டரின் முழங்கை தெரிந்தது. முழங்கை அசைந்தால் "ஆமா". அசையாவிட்டால் மௌனம். அதோடு பரிசோதிக்கிற எல்லோருக்கும் ஒரு தாளம் உண்டு, எனக்கும் உண்டு, தொடு, விடு, தொடு, தொடு, விடு என்று. பத்து வருடமாக அந்தப் பக்கம் நின்றவளுக்கு இந்தப் பக்கத்துத் தாளம் பிடிபட எவ்வளவு நேரம் ஆகும். அதிர்கிற இரும்புக் கவையைக் கணுக்காலில் வைத்து, "அதிர்வு தெரியுதா?" என்றார். அது போடுகிற ரீங்காரம் காதில் கேட்டது, "தெரியுது" என்றேன், ரீங்காரம் நின்றதும் "நின்னுடுச்சு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னபோது இடுப்பை மேசையில் சாய்த்துக்கொண்டேன். சுத்தியலில்தான் கொஞ்சம் சறுக்கினேன். முழங்காலில் தட்டினால் கால் உதைக்க வேண்டும் என்பது தெரியும், அதற்காக உதைத்தேன்.

"நான் இன்னும் தட்டலயேம்மா" என்றார் டாக்டர்.

"தட்டப்போறீங்கன்னு தெரிஞ்சுது டாக்டர்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு உங்கள் தம்பியைப் பார்த்து, "நரம்பு நல்லாத்தான் இருக்கு. பயம்தான் கொஞ்சம் கூடுதலா இருக்கு. குழந்தை பிறந்ததும் சில பேருக்கு இப்படி வரும்" என்று சொல்லித் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். நான் பாஸ். வெளியே வந்ததும் உங்கள் தம்பிக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான். வீட்டுக்கு வந்து உருண்டையைத் தூக்கி மூன்று சுற்று சுற்றினேன். அன்று ராத்திரி எட்டரைக்கு உங்கள் போன் வந்தது. முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப மனசுல கோளாறா" என்றீர்கள். அப்புறம், "அது இன்னும் மோசமாச்சே" என்றீர்கள். பிறகு, "மாத்திரைய ரெண்டு ரெண்டா போட்டத மூணு மூணாக்கு, மூளைக்கும் அதுதான் சத்து" என்றீர்கள். காப்பியடித்துப் பாஸானவளுக்கு அடுத்த வகுப்பில் என்ன நடக்குமோ அதுதான் எனக்கு நடந்தது.

பாஸான பிறகு வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் எடுபடவில்லை. உங்கள் தம்பி தங்கமான மனிதர்தான், ஆனால் அவருடைய தொழிலில் பேனலில் சிவப்பு விளக்கு எரியாவிட்டால் கோளாறு இல்லை. "எரியுது" என்றால், "எரியலன்னு நெனச்சுப் பாரேன்" என்பார். "கால் தரையில இருக்கறதே தெரியல" என்றால், "தரை தெரியுதுல்ல, அங்கதான் இருக்கும்" என்பார். நான் காலைப் பார்த்து நடக்கப் பழகிக்கொண்டேன். ஊருக்கே லிஃப்ட் ஓட வைக்கிற ஆளுக்குக் கிடைத்த வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி என்பதால், உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்குவேன். அவளைப் பார்த்தால் படி தெரியாது, படியைப் பார்த்தால் அவளைப் பிடித்திருக்கிறேனா என்று தெரியாது. ஐம்பத்து நாலு படி. இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் எழுதிவிட்டேன், வெட்டலாமா என்று பார்த்தேன், நீங்கள் வெட்டியதை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பீர்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் உங்கள் தம்பி குளியலறையிலிருந்து தலை துவட்டிக்கொண்டே வந்தவர் நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து பால்கனி, திரும்பக் கூடம், கட்டிலைச் சுற்றி ஒரு வளையம், அதன் முடிவில் உருண்டை உட்கார்ந்து கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு முகத்தில் ரத்தம் இல்லை. ஒரே தாவில் அவளைத் தூக்கி, சட்டையைக் கழற்றி, அணையாடையைக் கழற்றி, விரல் விரலாக, காது மடல், தலைமுடிக்குள், வாய்க்குள் விரல் விட்டு நாக்குக்கு அடியில் வரைக்கும் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று, "எங்க பட்டிருக்கு, எங்க பட்டிருக்கு" என்று கேட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தேன். நான் சுற்றச் சுற்றப் பொட்டு அதிகமாகிக்கொண்டே போனது. இவளோ அம்மணமாக அவர் கையில் தொங்கிக்கொண்டு சிரிக்கிறாள். அப்புறம் குனிந்து என் காலைப் பார்த்து ஒரு விரலை நீட்டி, "ப்பூ" என்றாள். என் குதிகாலில் ஒரு டிராயிங் பின், அவளுடைய தடுப்பூசி அட்டையைச் சுவரில் குத்தியிருந்தது, தலை வரைக்கும் ஏறியிருந்தது. பித்தளைப் பூ மாதிரிதான் இருந்தது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு, என்னை உட்கார வைத்து, பின்னைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எப்பலேருந்து இருக்கு இது?"

"தெரியல."

"புடுங்கினேனே, அது?"

"தெரியல."

"அப்ப அந்த டாக்டர் குத்தினது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

சொன்னேன். முழங்கை, தாளம், ரீங்காரம், மேசை விளிம்பு எல்லாம். அவர் நனைந்த துண்டோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னார்: "ஒரு மாடியில நிக்காத லிஃப்ட்டக்கூட ஓட்டிடலாம். நின்னுட்டேன்னு பொய் சொல்ற லிஃப்ட்டுல ஆளை ஏத்தக் கூடாது. கதவு திறக்கும், காலை வச்சா தளம் இருக்காது." பிறகு, "இவளைத் தூக்கிட்டு எத்தனை தடவை இறங்கியிருப்ப?" என்றார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாளே மறுபடி நரம்பு டாக்டர். போன தடவை எழுதிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "தூக்கம் எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தவரிடம், நான் போன பரீட்சையில் காப்பியடித்துவிட்டேன் என்று சொன்னேன். என்ன நினைத்தாரோ, கோபப்படவில்லை. "உங்க கடையில சார்ட்ட மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்கள என்ன பண்ணுவீங்க?" என்றார். "சார்ட்ட மாத்துவேன் டாக்டர்." எழுந்து போய் ஒரு துண்டை எடுத்துவந்து என் கண்ணைக் கட்டினார். மேசையிலிருந்து இரண்டடி தள்ளிப் படுக்க வைத்தார். நான் காத்திருந்தேன். இந்தத் தடவை ஒழுங்காக இருப்பது என்று முடிவு செய்திருந்தேன், உண்மையாகத் தெரிந்தால் மட்டும் "ஆமா". மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உங்கள் தம்பி தொண்டையைச் செருமினார், செருமியது பாதியில் நின்றது. டாக்டர் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றார்.

துண்டை அவிழ்த்தபோது உங்கள் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். இரண்டு காலிலும் முட்டிக்குக் கீழே சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை எந்தப் பரீட்சையிலும் பூஜ்யம் வாங்காதவள் நான். ஆனால் அண்ணி, ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, சந்தோஷமாக இருந்தது. மனசு இல்லை. கால்தான்.

அப்புறம் நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கிற பரிசோதனை. அதைச் செய்கிற பெண்ணிடம் உங்கள் தம்பி, "எத்தனை வோல்ட்டு? எர்த் எங்க குடுத்திருக்கீங்க?" என்று கேட்கப்போய், அவள் இரண்டாவது கேள்வியிலேயே அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள். முடிவைப் பார்த்து டாக்டர், மூளையிலிருந்து காலுக்கு வேலை சொல்லுகிற நரம்பு பரவாயில்லை, காலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புதான் தேய்ந்திருக்கிறது என்றார். சர்க்கரை இல்லை, தைராய்டு சரியாக இருக்கிறது. ஏன் தேய்ந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. உங்கள் தம்பி உங்களிடம் போனில் சொன்னது இது வரைக்கும்தான். மூன்று வாரம் ரத்தமாக எடுத்தார்கள். மூன்றாவது வாரம் அவர், "நீங்க வாயில போடற எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிட்டு வாங்க. ஒண்ணு விடாம" என்றார்.

இப்போது, அண்ணி, நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து உட்காருங்கள். தெரு முனை டாக்டரின் மாத்திரை, முதலாளியின் பாதி அட்டை, குதிரை டப்பா மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். பொடி எழுத்து அவருக்குத் தெரியவில்லை, நான் கைப்பையிலிருந்து கடை உருப்பெருக்கியை எடுத்துக் கொடுத்தேன். மூன்றிலும் பெயர் வேறு, டப்பா வேறு, உள்ளே இருக்கிற சத்து ஒன்றுதான், வைட்டமின் பி சிக்ஸ். கொஞ்சமாக இருந்தால் நரம்புக்கு நல்லது. மாதக்கணக்கில் அளவு மீறினால் அதே நரம்பைத் தின்னும். மூன்றையும் கூட்டிப் பார்த்தார். ஒரு நாளைக்குத் தேவையானதைப் போல நூறு மடங்குக்கு மேல் நான் விழுங்கியிருக்கிறேன், அதில் பெரும்பங்கு ஓடியது குதிரை. "இது யாரு குடுத்தது?" என்றார். உங்கள் தம்பி கூரையில் ஏதோ வயரிங் பார்க்க ஆரம்பித்தார். "குடும்பத்துல பெரியவங்க" என்றேன். "என்ன பண்றாங்க?" "தலைமையாசிரியை." அவர் உருப்பெருக்கியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அதான். ஒரு வேளைகூட விட்டிருக்க மாட்டீங்க" என்றார்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். வேண்டாம் அண்ணி. முதலில் வந்த எறும்பு எதனால் வந்தது என்று டாக்டருக்கே இன்னும் தெரியவில்லை, அது குதிரைக்கு முன்னால் வந்தது. இரண்டு இரண்டு என்பது மூன்று மூன்று ஆனதற்குக் காரணம் நான் பாஸானது. நான் அன்றைக்கே ஒழுங்காக ஃபெயிலாகியிருந்தால் அந்தப் பையை இரண்டு மாதம் முன்னாலேயே மேசையில் கொட்டியிருப்பார்கள். உங்கள் தம்பியும், "அக்காகிட்ட இத நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லிக்க" என்று ஒதுங்கிவிட்டார். மாத்திரைகளை நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது. இந்த ஒன்பது நாளும் நீங்கள் "போட்டியா?" என்றபோது "போட்டேன்" என்று சொன்னது பொய். மன்னிக்க வேண்டும். உடனே சரியாகாது, சில வாரம் கூடின மாதிரிகூடத் தோன்றும், பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் திரும்பும் என்கிற பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் வர வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. வீட்டில் எல்லாம் மாற்றிவிட்டோம். உருண்டையைப் படியில் இறக்குவது உங்கள் தம்பி மட்டும்தான். குளிக்க வைக்கும் தண்ணீரைக் கையால் பார்ப்பதில்லை, தெர்மாமீட்டர் போட்டுப் பார்க்கிறேன். வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறேன், கழற்றும்போது தலைகீழாகத் தட்டிப் பார்க்கிறேன், ஒரு நாள் அதிலிருந்து உருண்டையின் பிஸ்கட்டும் ஒரு சின்ன ஸ்பூனும் விழுந்தன. கடையில் திருகாணி வேலையிலிருந்து விடுதலை, முதலாளி கண் பரிசோதனை மட்டும் கொடுத்திருக்கிறார். தனியாகச் சமாளிக்கிறேன். நேற்று வலது கால் கட்டைவிரலைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன், தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது. இதை நீங்கள் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கணக்கு டீச்சராக இருந்தவர், போட்டுப் பாருங்கள், மூன்று மாதம் என்பது உங்களுக்கும் எனக்கும் மூன்று மாதம், அவளுக்கு இதுவரை வாழ்ந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. இப்போதுதான் "ம்மா" என்கிறாள். என்னைப் பார்த்தும் சொல்கிறாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தும் சொல்கிறாள். எது எது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல நான் இங்கே இருக்க வேண்டும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிவியல் ஆசிரியைக்கு என் வணக்கம், அவரையும் ஒன்றும் சொல்ல வேண்டாம். பெரியவரான உங்கள் ஆசி என் இரண்டு காலுக்கும் சமமாகப் பிரிந்து வரட்டும்.

இப்படிக்கு,
பணிவும் பயமும் கொண்ட,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கட்டைவிரல் தெரிந்தது என்று எழுதியிருக்கிறேனே, அது பொய். பஞ்சு படுவதைப் பார்த்துக்கொண்டே தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டபோது ஒன்றும் இல்லை. தனியாகச் சமாளிக்கிறேன் என்று எழுதியதும் அப்படித்தான். ஒன்பது மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்து உங்கள் தம்பி போய்விட்டார். அவர் போகும்போது உருண்டை என் மடியில் விளையாடிக்கொண்டிருந்தாள், ஐந்து நிமிஷத்தில் அப்படியே தூங்கிவிட்டாள். கட்டில் இங்கிருந்து ஆறு அடி. இப்போது மணி பன்னிரண்டே கால். கடிதம் இவ்வளவு நீளமாக வந்ததற்கு அதுதான் காரணம் அண்ணி, எழுந்து நிற்கப் பயமாக இருக்கிறது. கால் இரண்டும் எரிகிறது, எரிவது தெரிகிறது, தரை தெரியவில்லை. நீங்கள் வாருங்கள். சனிக்கிழமைக்கு முன்னால் வண்டி இருந்தால் அதில் வாருங்கள். அந்த மூன்று மாத லீவை இங்கே வந்து எடுங்கள், எங்கள் அறையை உங்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம், எதற்கு வேண்டுமானாலும் திட்டுங்கள், உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. ராத்திரி அவளை என் மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட வேண்டும். காலையில் திரும்ப எடுத்து என் மடியில் வைக்க வேண்டும்.